கேளுங்கள் டீச்சரை: டூமாவின் ரஷ்யப் பயணமும் கூடவே போன போலீஸும்

போன இதழில் ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ நாவலைப் பற்றி ஒரு பள்ளி மாணவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, அந்த நாவலை எழுதிய அலெக்சாந்தர் டூமா 1858-ல் ரஷ்யாவுக்குப் போய்ப் பிரபுக்கள் வீடுகளில் விருந்தாளியாக இருந்தார், அவர் போன ஊருக்கெல்லாம் ரகசியப் போலீஸின் கண்ணும் போனது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. காரைக்காலில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். டூமாவைப் பற்றிக் கேட்டால் விடுவேனா? இந்த இதழ் முழுக்க அவருக்கே.

கும்பகோணத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: பாரிஸில் அவ்வளவு புகழோடு இருந்தவர், 55 வயதைத் தாண்டிய பிறகு ரஷ்யாவுக்கு ஏன் போனார்? யார் கூப்பிட்டது?

போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. கதவுதான் மூடிக் கிடந்தது. 1839-ல் தன் நாடகம் ஒன்றின் கையெழுத்துப் பிரதியை ஜார் முதலாம் நிக்கலாஸுக்கு அனுப்பி வைத்தார் டூமா. ரஷ்ய அரசின் பதக்கம் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். வைர மோதிரம்தான் வந்தது. அடுத்த வருடமே ‘வாள்பயிற்சி ஆசிரியர்’ என்று ஒரு நாவலை வெளியிட்டார். 1825 டிசம்பரில் நிக்கலாஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட ஓர் இளம் அதிகாரி, அவரைத் தேடிக்கொண்டு அங்கேயே போன ஒரு பிரெஞ்சுப் பெண், இவர்கள்தான் அதன் நாயகனும் நாயகியும். ஜார் அந்தப் புத்தகத்தைத் தடை செய்துவிட்டார்.

டூமாவே எழுதிய ஒரு சம்பவம் உண்டு. ஓர் இளவரசி மகாராணிக்கு இந்த நாவலைத் தனியறையில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். ஜார் உள்ளே வரவும் மகாராணி புத்தகத்தை ஒளித்துவிட்டார். என்ன படித்தீர்கள் என்று நானே சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, ஜார் புத்தகத்தின் பெயரைச் சரியாகச் சொன்னாராம். கடைசியாகத் தடை செய்த நாவல் அதுதானே, தெரியாமல் இருக்குமா! தடை போட்ட அரண்மனைக்குள்ளேயே அதை மறைத்து வைத்துப் படித்தார்கள் என்பதை நினைக்கும்போது டூமாவுக்காக எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் வருகிறது.

நிக்கலாஸ் 1855-ல் இறந்தார். மகன் இரண்டாம் அலெக்சாந்தர் பட்டத்துக்கு வந்தார், கிரீமியப் போர் முடிந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோவது கொஞ்சம் எளிதானது. 1858-ல் பாரிஸில் தங்கியிருந்த குஷெலெவ்-பெஸ்பரோத்கோ என்ற பெரும் பணக்காரப் பிரபுவோடு டூமாவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஆவிகளோடு பேசுகிறவர் என்று ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியிருந்த ஹோம் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அந்தக் குடும்பத்தோடு இருந்தார். பிரபுவின் மைத்துனியை அவர் கட்டிக்கொள்ளப் போகிறார். கல்யாணத்துக்கு எங்களோடு பீட்டர்ஸ்பர்க் வாருங்கள் என்று டூமாவையும் கூப்பிட்டார்கள். சில நாளில் மூட்டை கட்டிவிட்டார் மனிதர். முவானே என்ற ஓவியரையும் கூட்டிக்கொண்டு, ரயிலில் பெர்லின் வழியாக ஸ்டெட்டின் துறைமுகம், அங்கிருந்து கப்பல். ஜூன் மாதம் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்கள். இரவு முழுக்க வெளிச்சம் இருக்கிற பருவம் அது. நெவா ஆற்றின் வலது கரையில் பொலியுஸ்த்ரோவோ என்ற இடத்தில் பிரபுவின் கோடைகால மாளிகை. அதன் முகப்பு வேலியில் 29 கல் சிங்கங்கள், வாயில் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில்தான் டூமாவுக்கு அறை கொடுத்தார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகவும் அவர் நின்றார்.

திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ரகசியப் போலீஸ் என்றால் யார்? டூமாவை எப்படிக் கண்காணித்தார்கள்?

அதன் பெயர் ‘மூன்றாம் பிரிவு’. ஜாரின் சொந்த அலுவலகத்தில் ஒரு பிரிவு. 1825 கிளர்ச்சியை அடக்கிய கையோடு, அடுத்த வருடமே நிக்கலாஸ் அதைத் தொடங்கினார். மந்திரிகளுக்குக் கட்டுப்படாது, ஜாரிடம் நேராகப் பேசும். ஆரம்பத்தில் தலைமை அலுவலகத்தில் 16 பேர்தான். ஆனால் அதன் கைக்குக் கீழே நாடு முழுக்க நீலச் சீருடை போட்ட ஜெண்டார்ம் என்ற போலீஸ் படை இருந்தது. அதற்கும் கீழே, சீருடையே இல்லாதவர்கள்: வரவேற்பறைகளில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறவர்கள், சம்பளம் வாங்காமல் விசுவாசத்துக்காகச் சொல்கிறவர்கள், பயந்து சொல்கிறவர்கள். தபால் நிலையங்களில் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி முத்திரை வைத்து அனுப்பும் ரகசிய அறைகள் தனியாக இயங்கின.

டூமா வந்தபோது மூன்றாம் பிரிவின் தலைவர் இளவரசர் வசீலி தல்கரூக்கவ். டூமா மாஸ்கோவுக்கும் உள்நாட்டு மாகாணங்களுக்கும் போகப்போகிறார் என்று தெரிந்ததும், ஜூலையில் அங்கங்கே இருந்த ஜெண்டார்ம் அதிகாரிகளுக்கு அவர் கடிதம் எழுதினார். இந்தப் பிரெஞ்சு எழுத்தாளர் உங்கள் ஊரில் இருக்கும்வரை ரகசியமாகக் கவனியுங்கள், கவனித்ததை எனக்கு எழுதுங்கள் என்பதே சாரம். அப்படியே எழுதினார்கள். யார் வீட்டில் தங்கினார், யார் விருந்து வைத்தார், யாரோடு பேசினார், பேச்சு எதைப் பற்றிப் போனது என்று அறிக்கைகள் ஊர் ஊராகப் புறப்பட்டு பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தன.

அந்த ஊர்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். மாஸ்கோ, நிஷ்னி நோவ்கரத், கசான், சராத்தவ், த்சாரித்சின், அஸ்திரகான். அதாவது வோல்கா ஆற்றோடு கடைசிவரை போய், காஸ்பியன் கடலைத் தொட்டுவிட்டார். அதற்கப்புறம் காக்கசஸ் மலைநாடு, தெர்பெந்த், பாக்கு, திஃப்லிஸ் நகரங்கள். 1859 தொடக்கத்தில்தான் கருங்கடலில் கப்பலேறித் திரும்பினார். மாஸ்கோவில் நரீஷ்கின் என்ற பிரபு வீட்டில் தங்கல். அந்த வீட்டு அம்மாள் பழைய பிரெஞ்சு நடிகை, டூமாவுக்குப் பாரிஸிலேயே தெரிந்தவர். அவருடைய நாவலின் நாயகனை வைத்து ‘மான்டி கிறிஸ்டோ பிரபுவின் இரவு’ என்று பெயர் சூட்டி ஒரு தோட்டத்தில் அவருக்காக விளக்கலங்காரத்தோடு விழாவே நடத்தினார்கள். அதற்கும் அறிக்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருந்து வைத்தவர்களும் வேவு பார்த்தவர்களும் வேறு வேறு உலகத்து மனிதர்கள் இல்லை. ஆளுநர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டூமாவுக்கு எதிரே ஜெண்டார்ம் அதிகாரியும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அந்த மேல்தட்டில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. இதனால்தான் அந்தக் கண்காணிப்பு அவ்வளவு சுலபமாக நடந்தது. பின்னாலேயே ஆள் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அவரை எல்லோரும் தங்கள் வீட்டுக்குத்தானே கூப்பிட்டார்கள்!

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வழக்கறிஞர்: ஒரு கதாசிரியரிடம் அரசாங்கத்துக்கு அப்படி என்ன பயம்?

மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது. முதலாவது, அந்தத் தடை செய்த நாவல். இரண்டாவது, 1839-ல் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்த கஸ்தின் என்ற பிரெஞ்சுப் பிரபு, 1843-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த ஆட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். அரண்மனை விருந்தெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினார். அதனால் பேனாவோடு வருகிற பிரெஞ்சுக்காரர் என்றாலே அடிவயிற்றில் கலக்கம். மூன்றாவதுதான் பெரியது. 1858-ல் ரஷ்யா முழுக்கப் பண்ணையடிமைகளை விடுவிப்பதா, எப்படி விடுவிப்பது என்ற வாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பாரிஸிலிருந்து ஒருவர் வந்து, பார்த்ததையெல்லாம் தன் ‘மான்டி கிறிஸ்டோ’ பத்திரிகைக்குக் கடிதமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். கவலை வராதா?

லண்டனிலிருந்து ‘மணி’ என்ற தடை செய்த பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த ரஷ்ய எழுத்தாளர் ஹெர்த்சனுக்கு வேறு விதமான கோபம். நம் பிரபுக்கள் டூமாவின் காலடியில் விழுந்து கிடக்கிறார்களே, அவரைப் பார்க்கத் தோட்ட வேலியில் போய்த் தொங்குகிறார்களே, வெட்கமாக இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சொந்த நாட்டு எழுத்தாளர்களை அதே வர்க்கம் எப்படி நடத்தியது என்று பார்த்தால் புரியும். புஷ்கினின் கவிதைகளுக்கு நானே தணிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டவர் ஜார் நிக்கலாஸ். 1834-ல் புஷ்கின் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தையே தபாலில் பிரித்துப் படித்து, விஷயம் ஜார் வரைக்கும் போனது. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க ஓர் அரசருக்குக் கூசவில்லையே என்று நாட்குறிப்பில் கொதித்திருக்கிறார் புஷ்கின்.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாசகர்: டூமா பெரிய சாப்பாட்டுப் பிரியர் என்கிறார்களே, ரஷ்யாவில் என்ன சாப்பிட்டார்?

கிடைத்ததையெல்லாம். பீட்டர்ஸ்பர்க்கில் க்ரிகரோவிச் என்ற எழுத்தாளர் அவரை ஊர் சுற்றிக் காட்டினார். கவிஞர் நெக்ராசவும் பத்திரிகையாளர் பனாயெவும் கோடைக்குத் தங்கியிருந்த வீட்டுக்கும் கூட்டிப்போனார். அந்த வீட்டுச் சமையல் பொறுப்பு அவ்தோத்யா பனாயெவா என்ற எழுத்தாளருடையது. டூமா சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி மறுபடி வந்ததில் அந்த அம்மாளுக்கு ஏகக் கடுப்பு. ஒரு நாள் முட்டைக்கோஸ் சூப், மீன் பொதிந்த அப்பம், பன்றிக்குட்டி, சால்மன், காளான் வறுவல் என்று கனமாகச் சமைத்து, இதோடு வயிறு கெட்டு வராமல் இருக்கட்டும் என்று பரிமாறினாராம். டூமா எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு நன்றாகவே இருந்தார். பனாயெவா தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். அவர் பக்கம்தான் நான். எழுத்து வேலையும் பார்த்துக்கொண்டு, திடீர் விருந்தாளிக்கு அடுப்படியில் நின்ற பெண் அவர்.

உங்கள் தொழிலுக்குப் பிடித்தது அஸ்திரகான். வோல்கா ஆறு கடலில் கலக்கும் இடம், ஸ்டர்ஜன் மீனுக்குப் பேர்போனது. நாம் சினையை மிளகாய்த்தூள் போட்டு வறுக்கிறோம். அவர்கள் உப்பில் போட்டுப் பச்சையாகவே சாப்பிடுவார்கள், அதுதான் காவியர். சமையல் பற்றி டூமா எழுதிய பெரிய அகராதி, அவர் இறந்த பிறகு 1873-ல் வெளிவந்தது.

மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: ‘வாள்பயிற்சி ஆசிரியர்’ நாவலின் நாயகனையும் நாயகியையும் டூமா நேரில் பார்த்தாரா?

பார்த்தார் அம்மா. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பொலின் கெப்ல் 1800-ல் பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்தவர். 1823-ல் பிழைப்புத் தேடி மாஸ்கோவுக்கு வந்து, ஒரு பிரெஞ்சு நாகரிகத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இவான் அன்னென்கவ் குதிரைப்படைக் காவலணி அதிகாரி, மாஸ்கோவின் பெரும் பணக்காரி ஒருத்தியின் மகன். இருவருக்கும் பிரியம் ஏற்பட்டது. 1825 டிசம்பர் 14 கிளர்ச்சிக்குப் பிறகு அன்னென்கவ் கைதானார். ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அதில் இவரும் ஒருவர். குளிர்காலத்தில் நெவா ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்த ஓர் இரவில், படகுக்காரரைக் கெஞ்சி ஆற்றைக் கடந்து, கோட்டைச் சிறையில் இருந்தவரைப் போய்ப் பார்த்தார் பொலின். ரஷ்ய மொழி அவருக்குச் சரியாக வராது. மனைவியாக இருந்தால்தான் பின்னால் போகலாம், இவருக்கோ கல்யாணம் ஆகவில்லை. 1827-ல் ராணுவப் பயிற்சி நடந்த ஊருக்கே போய் ஜாரிடம் மனுக் கொடுத்து அனுமதி வாங்கினார். 1828 ஏப்ரலில் சித்தா என்ற ஊரில் கல்யாணம். மாப்பிள்ளையின் கால்விலங்கைச் சடங்குக்காகக் கழற்றினார்கள், சடங்கு முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேளுங்கள். கணவன்மாரைத் தேடிப்போன பெண்கள் 11 பேர், அவர்களில் இளவரசிகளும் உண்டு. சைபீரியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிரபு அந்தஸ்து கிடையாது. நினைத்தபோது ஊர் திரும்ப முடியாது. கைதிகள் கடிதமே எழுதக் கூடாது. ஆகவே மனைவிமார் ஒவ்வொரு கைதியின் வீட்டுக்கும் அவன் சார்பில் எழுதினார்கள், தங்கள் கணவனுக்கு மட்டுமல்ல, கல்யாணமாகாத கைதிகளுக்கும். எழுதிய கடிதத்தை ஒட்டாமல் சிறைத் தளபதியிடம் கொடுக்க வேண்டும். அவர் படிப்பார், அப்புறம் மூன்றாம் பிரிவு படிக்கும், மிச்சமிருந்தால் தாய்க்குப் போகும். வருடக்கணக்காக இப்படி. ஒரு தாய்க்கு மகன் உடம்பு சரியில்லை என்று எழுதுவதைக்கூட முதலில் ஓர் அதிகாரிதான் தெரிந்துகொள்வார்.

1856-ல் புதிய ஜார் மன்னிப்பு வழங்கினார். முப்பது வருடம் கழித்து அன்னென்கவ் குடும்பம் நிஷ்னி நோவ்கரத்தில் குடியேறியது. 1858-ல் அந்த ஊர் பிரம்மாண்டமான சந்தையைப் பார்க்க டூமா வருகிறார். அங்கே ஆளுநர் யார் தெரியுமா? அலெக்சாந்தர் முரவியோவ். அவரே பழைய கிளர்ச்சிக்காரர்களில் ஒருவர்! டூமாவைத் தேநீருக்கு அழைத்துவிட்டு, ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்றார். கதவு திறந்தது, அன்னென்கவ் தம்பதி வருகிறார்கள் என்று அறிவித்தார்கள். தான் 18 வருடத்துக்கு முன் கற்பனையில் எழுதிய ஆணும் பெண்ணும் நரைத்த தலையோடு முன்னால் வந்து நின்றார்கள். பொலினின் கையில் ஒரு வளையல் இருந்தது. கணவரின் கால்விலங்கிலிருந்த இரும்பை எடுத்து, கூட இருந்த கைதியான நிக்கலாய் பெஸ்டூஷெவ் அடித்துக் கொடுத்தது.

டூமா இதை உருக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு முக்கியமானவர் பொலின்தான். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள், இருவரையும் அதே மூன்றாம் பிரிவு கண்காணித்தது. டூமாவுக்கு அது பயணத்தில் ஓர் அத்தியாயம். பிடிக்காவிட்டால் கப்பலேறலாம், மார்செய்லில் இறங்கி எல்லாவற்றையும் எழுதிக் காசாக்கலாம், அப்படியே செய்தார். பொலினோ தன் பிள்ளைகளை அந்தக் கண்ணுக்குக் கீழேதான் பெற்று வளர்த்தார். வயதான பிறகு மகள் ஓல்காவிடம் தன் கதையைச் சொல்ல, அவர் எழுதி வைத்துக்கொண்டார். 1888-ல் அது ஒரு ரஷ்யப் பத்திரிகையில் வந்தது. பொலின் அதற்கு முன்பே, 1876-ல் போய்விட்டார். நாவலைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அந்த நினைவுக் குறிப்பையும் தேடிப் படியுங்கள். நாவலில் இருப்பது ஒரு சாகசக் காதலி. குறிப்பில் இருப்பது கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிற, பயப்படுகிற, பயத்தோடேயே ஆற்றைக் கடக்கிற ஒரு பெண்.

கீழ்வேளூரிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர்: பண்ணையடிமை என்று எழுதுகிறீர்கள். நம் கீழத்தஞ்சைப் பண்ணையாள் முறை மாதிரியா?

சட்டம் வேறு, வலி ஒன்று. ரஷ்யாவில் 1861 வரை தனியார் நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமாக இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள் இருந்தார்கள். ஒரு பிரபுவின் சொத்தைச் சொல்லும்போது எவ்வளவு நிலம் என்பதைவிட, எத்தனை ஆண் தலை என்றுதான் சொல்வார்கள். விற்கலாம், அடமானம் வைக்கலாம், ராணுவத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம், சைபீரியாவுக்குத் துரத்தலாம். நம் பக்கம் பண்ணையாளை விற்பதற்குப் பத்திரம் கிடையாது. ஆனால் தீராத கடனும், சவுக்கடியும், சாணிப்பாலும் அவரை மிராசுதாரின் களத்தோடு கட்டி வைத்திருந்தன. நிலை மாற உங்கள் சங்கத்துப் பெரியவர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 1952-ல்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரஷ்யாவில் 1861-ல் விடுதலை கொடுத்தார்கள், ஆனால் நிலத்துக்கான விலையை 49 வருடத் தவணையில் கட்டச் சொன்னார்கள். கடைசியில் 1907-ல்தான் அது ரத்தானது.

டூமா சாப்பிட்ட அந்த மாளிகை விருந்துகளெல்லாம் இந்த மனிதர்களின் உழைப்பில் வந்தவைதான். அவர் அதைப் பார்க்காமல் இருந்துவிடவில்லை, பண்ணையடிமை முறையைப் பற்றித் தனியாகவே கடிதத் தொடர் எழுதினார். அவருடைய பாட்டி மரி-செசெத், இன்றைய ஹெய்ட்டியில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். பாட்டிக்குப் பிறந்த மகனை, அதாவது டூமாவின் அப்பாவை, பெற்ற தகப்பனே கப்பல் கட்டணத்துக்காகப் பின்னால் மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு விற்றிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து பிரெஞ்சுப் படையில் தளபதியானார். மனிதரை விற்பது என்றால் என்ன என்று டூமா வீட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பயணத்தைப் படிக்கும்போது நான் இதை ஒரு பக்கத்தில்கூட மறப்பதில்லை.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: புதுச்சேரியில் பாரதியாரை வெள்ளைக்காரப் போலீஸ் கண்காணித்தது போலத்தானே இதுவும்?

பாரதியோடு ஒப்பிட வேண்டியவர் டூமா அல்ல, புஷ்கினும் பொலினும். 1908-ல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்த பாரதி பத்து வருடம் அங்கே இருந்தார். பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் எல்லை தாண்டி அங்கேயே வந்து டேரா போட்டார்கள். ‘இந்தியா’ பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைய முடியவில்லை, கடிதங்களும் பணமும் ஒழுங்காக வந்து சேரவில்லை. வீட்டில் அரிசி இல்லாமல் போகிற அளவுக்கு அந்தக் கண்காணிப்பு உள்ளே புகுந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூரில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். விருந்தாளியை வேவு பார்க்கும்போது அரசாங்கம் கொஞ்சம் சிரித்த முகத்தோடு இருக்கும். சொந்த மனிதனிடம் அந்த முகம் இருக்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லைக் காவல் புதிதல்ல. 1954-க்கு முன்னால் காரைக்காலிலிருந்து நாகூருக்குப் போவதென்றாலும் வாஞ்சூர்ச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று அப்பா சொல்வார். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போதுகூட.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மாணவர்: பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கும் ரஷ்யா போனாராமே?

போனார், 1843-ல். காரணம் காதல். ஹன்ஸ்கா என்ற போலந்துப் பிரபுகுலப் பெண் 1832-ல் பெயர் போடாமல் அவருக்கு எழுதிய வாசகர் கடிதத்தில் ஆரம்பித்த உறவு. பால்சாக் ரஷ்யா வந்த வருடம்தான் கஸ்தின் புத்தகமும் வந்து தொலைத்தது. பாரிஸிலிருந்த ரஷ்யத் தூதரக அதிகாரி மேலிடத்துக்கு என்ன எழுதினார் தெரியுமா? பால்சாக்குக்கு எப்போதும் பணமுடை, கஸ்தினுக்கு மறுப்பு எழுத அவர் பேனாவைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்றார். பால்சாக் அப்படி எதுவும் எழுதவில்லை. 1848 புரட்சிக்குப் பிறகு உக்ரைனிலிருந்த ஹன்ஸ்காவின் பண்ணைக்கு அவர் மறுபடி போனபோது ரகசியக் கண்காணிப்பு வைத்தார்கள். கல்யாணம் செய்ய ஜாரின் அனுமதி வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டவரைக் கட்டினால் அந்தப் பெண்ணின் நிலம் என்னாவது என்ற கேள்வி. கடைசியில் 1850 மார்ச்சில் பெர்திச்சிவ் ஊர்த் தேவாலயத்தில் தாலி கட்டாத குறையாக முடித்துக்கொண்டு பாரிஸ் திரும்பினார்கள். ஆகஸ்டில் பால்சாக் இறந்துவிட்டார். பதினெட்டு வருடம் காத்திருந்த காதலுக்கு ஐந்து மாதம். இதைத் தனியாக எழுத வேண்டும், எழுதுகிறேன்.

காரைக்காலிலிருந்து என் பழைய மாணவி: டீச்சர், அந்தப் பயணத்தில் டூமா இந்தியர்கள் யாரையாவது பார்த்தாரா?

பார்த்தார் கண்ணு. பாக்கு நகரத்துக்குப் பக்கத்தில் சுரகானி என்று ஓர் ஊர். பூமிக்குள்ளிருந்து எரிவாயு கசிந்து தானாகவே நெருப்பு எரியும் இடம். அங்கே ஒரு கோயில், நடுவில் அணையாத நெருப்பு, சுற்றி அறைகள். முல்தான், பஞ்சாப் பக்கத்து வியாபாரிகளும் சாதுக்களும் பல தலைமுறையாக அங்கே வந்து தங்கியிருந்தார்கள். டூமா போனபோது ஒரு சிலர்தான் மிச்சம். அவர்களை நெருப்பை வணங்கும் பார்சிகள் என்றே நினைத்துக்கொண்டார். சுவரில் இருக்கும் கல்வெட்டுகளோ சமஸ்கிருதத்திலும், பஞ்சாபி எழுத்தான குர்முகியிலும் இருக்கின்றன, சமஸ்கிருதத்தில் பல பிள்ளையார் வணக்கத்தோடு ஆரம்பிக்கின்றன. கோயில் இன்றும் இருக்கிறது, அருங்காட்சியகமாக. பழைய எரிவாயு ஊற்று வற்றிவிட்டது, இப்போது குழாய் வைத்து நெருப்பை எரிய விடுகிறார்கள். உன் மகன் அந்தப் பக்கம் எண்ணெய் நிறுவன வேலைக்குப் போயிருப்பதாக எழுதியிருந்தாயே, அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கல்வெட்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அடுத்த இதழில் போடச் சொல்லி ஆசிரியரிடம் நான் கேட்கிறேன்.